மூன்றாம் மாடியில் ஒரு காலி வீடு

மாடி ஏறுவதுதான் ஐயா, இந்த வேலையில் என்னை ஓய்த்துப் போட்டது. எங்கள் தொண்டு நிறுவனத்திடம் இருப்பது ஒரே கட்டடம். நான்கு மாடி, நாற்பது வீடு, குறைந்த வாடகை. லிஃப்டுக்காக நான் எழுதாத கடிதமில்லை, கும்பிடாத ஆளில்லை.

அந்த நாற்பது வீட்டுக்குக் காத்திருந்தவை அறுநூறு குடும்பங்கள். பட்டியல் என் பொறுப்பு. பதினெட்டு வருடமாக "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிச் சொல்லி என் நாக்கே தேய்ந்துவிட்டது. புதிதாகக் கட்ட இடம் தருகிறோம் என்றவர்கள் கையை விரித்தார்கள். இருக்கிற வீட்டை யாரும் காலி செய்வதில்லை. காலி செய்துவிட்டு எங்கே போவார்கள், பாவம்.

சலவைக் கடையில் துணி தேய்க்கும் பெண் ஒருத்தி திங்கள் தவறாமல் வருவாள். தரைக்குக் கீழே ஜன்னலில்லாத ஒற்றை அறை, மூன்று பிள்ளைகள், சுவரெல்லாம் பூஞ்சை. கடைக்குட்டிக்கு இழுப்பு.

"பட்டியல்ல எங்க பேரு எங்கக்கா இருக்கு?"

"நீதான்மா முதல் பேரு."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் மாடியில் ஓய்வு பெற்ற தபால்காரர் தனியாக இருந்தார். இரண்டு அறை. ஒன்றில் பழைய செய்தித்தாள்கள்தான் குடியிருந்தன. அவருக்கு இதய நோய், பார்வையும் மங்கல். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பெட்டியில் நான்தான் அடுக்கிக் கொடுப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

"ஒரு ரூம் வீட்டுக்கு மாறிக்கிறீங்களா, பெரியவரே?"

"என்னைத் தூக்கிட்டுத்தாம்மா இங்கேருந்து போகணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரம் இதயத்துக்கான சின்ன வெள்ளை மாத்திரையை நான் வைக்கவில்லை. அதே அளவில் ஒரு சத்து மாத்திரை வைத்தேன். உடம்புக்கு நல்லதுதான் அது. இரண்டாவது வாரப் பெட்டியை அவர் முடிக்கவில்லை.

செய்தித்தாள்களை நானே கட்டி இறக்கினேன், சுவருக்கு நானே வெள்ளையடித்தேன். தேய்க்கிற பெண் பிள்ளைகளோடு வந்தாள். கடைக்குட்டி ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது அவளுக்கு இழுப்பு இல்லை. நீங்களே போய்ப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு, தனியாக இருக்கும் மற்ற பெரியவர்களிடமும், "மாத்திரையை நான் அடுக்கித் தரேன், நீங்க சிரமப்படாதீங்க" என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். "நீ எங்களுக்குப் பொண்ணு மாதிரி" என்றார்கள். பெரியவர்களைப் பார்க்கப் புதிதாக வந்த நர்ஸ் ஒரு பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால், பட்டியல் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. களைப்புதான்.

எத்தனை பேர், எத்தனை பேர் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மழுப்பவில்லை ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். ஆறு குடும்பங்கள், இருபத்தெட்டுப் பேர். எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.