காற்றிலிருந்து பெட்ரோல் எடுக்கும் நிலம்

திண்டிவனத்தில் ஏறிய விழுப்புரம் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு விவசாயி. பக்கத்தில் அவர் மனைவி. கம்பியைப் பிடித்து நின்ற கண்டக்டர். பின்னால் நான்.

விவசாயியின் மடியில் நிலப் பத்திரம் இருந்தது. நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒரு கம்பெனிக்காரங்க காத்துலேர்ந்து பெட்ரோல் எடுக்கப் போறாங்களாம். அதுக்குத்தான் பாதி நிலத்தைக் குத்தகைக்குக் கேக்கறாங்க,” என்றார்.

கண்டக்டர் சிரித்தார். “அப்ப எங்க பஸ் டயர்லயே நாலு லிட்டர் இருக்கும்ணே.”

“நீ சிரிப்பே. பதினோரு மணிக்கு விழுப்புரத்துல கையெழுத்து.”

“காத்து ஊரெல்லாம்தான் அடிக்குது. நம்ம மல்லாட்டைக் கொல்லைதான் கெடைச்சுதா?” என்றாள் மனைவி. மல்லாட்டை என்றால் அந்தப் பக்கம் நிலக்கடலை.

“அங்கதான் அடியில தண்ணி நல்லா இருக்குதாம்.”

“காத்துல எடுக்கறவனுக்குத் தண்ணி எதுக்குய்யா?”

“தண்ணியையும் சேத்தாத்தான் பெட்ரோலு ஆவுமாம்.”

அவள் பத்திரத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விக்கிரவாண்டி வருவதற்குள் அவர் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தார்.

“மீதி நிலத்துக்கு நம்ம கெணறுதான். அது எத்தினி அடி?” என்று கேட்டாள்.

“அறுவது.”

“அவங்க போரு எத்தினி அடி போடுவாங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எண்ணூறு.”