வந்தனா கொண்டுவந்த டிஸ்க்

— வெயிலு, அந்தக் கொறடைக் கீழ போடு. என் கடையில செம்புக்கு ரேட் இருக்கு, அலுமினியத்துக்கு ரேட் இருக்கு. அய்யர் விரலுக்கு ரேட் கிடையாது.

— நீங்க கம்ப்யூட்டரைப் பாருங்க பரீத் பாய். ஒண்ணுதான் ஒடிஞ்சிருக்கு. இன்னும் ஒம்போது கெடக்கு.

— குருவாயூரப்பா... பாய், நீங்களாவது சொல்லுங்கோ. கேமரா கம்பெனி ஆபீஸ்ல சர்வர் பாத்துக்கறவன் நான். இருபது குடோன் கேமரா படமும் எங்க சர்வர்ல வந்து விழும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— நானும் அதைத்தானே சாமி கேக்கேன்? ஒண்ணும் தெரியாத மனுசன், என் தம்பி சுடலைமணியைக் குத்துன படத்தை மட்டும் எதுக்கு அழிச்சீரு?

— ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒரு போன் வந்தது. உங்க குடோன்ல ஆறு மணிக்கு மேல பதிவானதையெல்லாம் அழிச்சுடுன்னான். அழிக்கலேன்னா என் ஆத்துக்காரியை என்ன பண்ணுவேன்னு சொன்னான். அதை நான் என் வாயால சொல்ல மாட்டேன். அழிச்சேன். படத்தைப் பாக்கக்கூட இல்லை.

— எவன் பேசுனான்?

— ஹிந்தியில பேசினான். வாய்ல துணியை வெச்சுப் பொத்திண்ட மாதிரி குரல். யாருன்னு சத்தியமா தெரியாது.

— பொய்யி. பாய், இவரு கத்துனா வெளிய கேக்குமா?

— தகரக் கடைக்காரன் காலையிலேருந்து டப்பா நசுக்குதான். நீ இவரை ரெண்டா அறுத்தாலும் ஒரு பயலுக்குக் கேக்காது. ஆனா ஷட்டருக்கு அந்தப் பக்கம் உன் தம்பி பொண்டாட்டி வந்தனா நிக்கிறா, அவ பின்னாடி தெருவே நிக்குது. அவளுக்கு வேண்டியது படம். இவரு பொணத்தை வெச்சு அவ என்ன செய்வா?

— எனக்கும் படம்தான் வேணும். அந்த மூஞ்சியைப் பாக்கணும். பாத்து, அவன் கொடலை உருவி அதே குடோன் கேட்டுல தோரணமாக் கட்டணும். அதுக்குத்தானே இவரை செம்பூர் ஸ்டேஷன்லேர்ந்து தூக்கிட்டு வந்தேன்.

— அப்ப பொறு. கெட்டிக்காரி உன் வந்தனாதான். அன்னைக்கு ராத்திரியே படத்தைக் கேட்டு இவரு ஆபீஸை அடிச்சு நொறுக்குன கூட்டத்தோட போனாளே, கண்ணாடியை உடைக்கல, நாற்காலியை உடைக்கல. அங்க வேலை பாக்குற சுஷ்மா காட்டிக் குடுக்க, இவரு அழிச்ச கால் மணி நேரத்துல சர்வர் ஒயரைப் பிடுங்கி, இந்தச் சின்ன டிஸ்க்கை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்துட்டா. பொறவு வந்த போலீஸ் ஹார்டு டிஸ்க் எட்டையும் செங்கல் மாதிரி கோணியில கட்டிக்கிட்டுப் போனான். படம் மொதல்ல இந்த எஸ்எஸ்டியிலதான் விழும், ரெண்டு நாள் கழிச்சுத்தான் பெரிய டிஸ்க்குக்கு எறங்கும்னு அவனுக்கு யாரு சொல்லுவா? சூயிங் கம் பட்டை அளவுக்கு இருக்கு, இதுக்குள்ள ஒரு கொலை.

— எடுத்துருவீங்களா பாய்?

— வந்தனா லேமிங்டன் ரோட்டுல பெரிய கம்ப்யூட்டர் கடைக்குப் போகலாம்னு சொன்னா. நீதான் பரீத் பாய் கடையை விட்டா வேற கதி இல்லைன்னு ஒத்தக்கால்ல நின்ன. அந்த மரியாதைக்காவது எடுக்க மாட்டேனா? முப்பது வருசமா அழிச்சதைத் தோண்டிச் சோறு தின்னுறவன் நான். ஹார்டு டிஸ்க்ல அழிக்கிறதுன்னா வாசல்ல உள்ள பேர்ப்பலகையைக் கழட்டுறது, வீடு அப்படியே இருக்கும். இதுவும் அந்தச் சரக்குதான், மெலிஞ்சிருக்கு, அவ்வளவுதான். இந்தா, தேடுன மொத சுத்துல அழிச்ச படத்துல நாப்பத்தொரு துண்டு காட்டுது. ஓடும்போது ஒருத்தரும் தொடப்படாது. தொட்டா கெட்டுப்போகும்.

— கேட்டீரா சாமி? நாப்பத்தொண்ணு. இப்ப பேரைச் சொன்னா ஒரு விரல் நட்டத்தோட வீடு போய்ச் சேரலாம்.

— தெரியாத பேரை எங்கேர்ந்து சொல்றது? அடிங்கோ. நிதானமா அடிங்கோ, எனக்கு அவசரமில்லை. தம்பி மேல இன்னிக்கு இத்தனை பாசம் பொங்கறதே, குடோன்ல தன் பாதியை பில்டருக்கு விக்கப்போறேன்னு அவர் சொன்னப்போ செருப்பால அடிச்சேளே, அப்போ எங்கே போயிருந்தது? அதுவும் என் கேமராவுலதான் விழுந்தது.

— ஏல, அய்யரே.

— வெயிலு, போதும். பல்லு தெறிச்சு கீபோர்டு மேல கெடக்கு. ரத்தத்தைத் தொடைச்சுக்கிட்டாவது அடி.

— என் தம்பியை நான் அடிப்பேன் பாய். வேற எவனும் தொடப்படாது.

— தண்ணி... கொஞ்சம் தண்ணி...

— குடிங்க சாமி. மெல்ல, மெல்ல. இந்தப் பக்கமா துப்புங்க, ஒயர் மேல வேண்டாம்... இது என்ன கூத்து? ரெண்டாஞ் சுத்துல பதினேழுதான் காட்டுது. இப்பத்தானே நாப்பத்தொண்ணு இருந்துச்சு?

— சரியாப் பாருங்க பாய். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க.

— தாராவியில எடையில என்னை ஏமாத்திருக்கான், எண்ணிக்கையில ஒருத்தன் ஏமாத்துனது கிடையாது. ஓய் சாமி, என்ன சிரிப்பு? வாய் நெறைய ரத்தத்தை வெச்சுக்கிட்டு ஒரு மனுசன் சிரிப்பானா?

— இது ஹார்டு டிஸ்க் இல்லை பாய். அழின்னு ஒரு தரம் சொல்லிட்டா போறும். கரண்ட் கிடைக்கற வரைக்கும் தானே உள்ளே உக்காந்துண்டு ஒண்ணொண்ணாத் துடைச்சிண்டே இருக்கும். அன்னிக்கு அந்தப் பொண்ணு ஒயரைப் பிடுங்கினதால பாதியில நின்னுது. நாலு நாள் கழிச்சு நீங்கதான் மறுபடியும் கரண்ட் குடுத்தேள்.

— யா அல்லா. என் கையாலயே ஊட்டி விட்டிருக்கேன். வெயிலு, உன் பக்கத்துலதான் இருக்கு, அந்த ஒயரைப் பிடுங்கு.

— தொடப்படாதுன்னு சொன்னது நீங்கதான்.

— அது ஹார்டு டிஸ்க் நெனப்புல சொன்னது. பிடுங்குப்பா, பதினேழும் எறங்கி இப்ப பதினொண்ணுதான் மிச்சம்.

— இருங்க. நாம பிடுங்கணும், அதுல மிச்சமும் கெட்டுப்போகணும், அதுக்குத்தான் இந்தாளு கதை கட்டுதான். சுத்தியல் இருக்குல்லா, ரெண்டாவது விரலைக் கேட்டுருவோம். சொல்லும் சாமி, தொடைக்குதுன்னு சொன்னது நெசமா?

— நெஜம்... அம்மா... நெஜம்.

— மூணாவதும் அதையேதான் சொல்லுதான்னு பாப்போம்.

— வெயிலு, அவரு மயங்கிட்டாரு. முகத்துல தண்ணி தெளி. நீ அந்தக் கையை விட்டுட்டுத் தள்ளு, நானே பிடுங்குதேன்... வேண்டாம். பிடுங்க ஒண்ணுமில்ல. கழுவிக் கவுத்த சட்டி மாதிரி காலியாக் கெடக்கு.

— ஒரு துண்டு கூடவா?

— ஒரு துண்டு கூட இல்ல. உன் தம்பியைக் குத்துனவன் மூஞ்சியை இனி அல்லாதான் பாக்கணும்.

— அப்ப வந்தனாட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க பாய். நான் சொன்னா அவ நம்ப மாட்டா. வெயிலு என்னெல்லாம் கேட்டான், எம்புட்டு அடிச்சான், கண்ணாலப் பாத்தீங்கள்லா. அதையும் சேத்துச் சொல்லுங்க.

— அந்தப் புள்ள மூஞ்சியில முழிக்கணுமே நான். ஆயிரம் டிஸ்க் தோண்டுனவன், ஆயிரத்தோராவதைக் கொன்னுட்டேன். கட்டை அவுத்து விடு இவரை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சுட்டு வாரேன், ஷட்டரைப் பாதி எறக்கிக்கோ.

— பாய் போயாச்சு. முழிச்சுட்டீரா சாமி? கையைக் காட்டும், கயித்தை அவுக்கேன். இந்தத் துணியைச் சுத்திக்கிடும்.

— எனக்கு நெஜமா யாருன்னு தெரியாதுண்ணா. இனிமே அடிக்காதேங்கோ. நான் வீட்டுக்குப் போகணும்.

— போங்க. போயி ஷ்யாமளா அம்மாட்ட சொல்லும், நாளையிலேர்ந்து பயமில்லாமக் கோயிலுக்குப் போகலாம்னு. உம்ம பில்டிங் வாசல்ல நான் நிறுத்துன ரெண்டு பயலுவளையும் திரும்பி வரச் சொல்லிட்டேன்.

— என் ஆத்துக்காரி பேரை... நான் இங்கே சொல்லவே இல்லையே.

— ஒரு மணி நேரம் கரண்ட்ல கெடந்தா அதுவே தொடைச்சுக்கும்னு ஞாயித்துக்கிழமை போன்ல எங்கிட்ட நீருதானவே சொன்னீரு, அதாம் மெதுவா அடிச்சேன்.