ஆயில் குடிச்ச லாரி

இல்லம்மா, நீ கோவப்படறதுல ஒரு தப்பும் இல்ல. எங்கப்பா வாராவாரம் ஒரே ஒர்க்‌ஷாப்புல லாரியக் கொண்டாந்து நிறுத்திட்டு இருந்தா நானும் இப்படித்தான் கெளம்பி வந்திருப்பேன். இதவிட சத்தமா வந்திருப்பேன். ஆனா நின்னுக்கிட்டே பேச வேணாம், உக்காரு. அந்த ஸ்டூல் இல்ல, அதுல கிரீஸ் இருக்கு. இந்தப் பக்கம், பேப்பர் விரிச்சிருக்கு பாரு, அதுல.

மெக்கானிக்கா? நான்தாம்மா. எல்லாரும் எனக்குப் பின்னாடி எட்டிப் பாப்பாங்க, யாராவது ஆம்பள வருவாருன்னு. பின்னாடி செவுருதான் இருக்கு.

இன்ஜின முழுசா எறக்கணும்னு நான் சொன்னதா உங்கப்பா சொன்னாரா. அப்படியா சொன்னாரு. சரி, அதுக்கு வரேன். ஆரம்பத்துல இருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும். எனக்கும் அப்பதான் சொல்ல வரும்.

மொதல் தடவ வந்தப்ப லாரிய விட்டு எறங்கி, வண்டி ஆயில் குடிக்குதுங்கன்னாரு. வீட்டுக்காரன் குடிச்சிட்டு வந்தா பொண்டாட்டி பக்கத்து வீட்ல போயி சொல்லுவா பாரு, அந்தக் கொரல்ல. எவ்வளவு குடிக்குதுன்னேன். ஊத்தறதெல்லாம் குடிக்குதுங்கன்னாரு. பழைய வண்டிதான், இல்லன்னு சொல்லல. மீட்டர் ஒரு சுத்து முழுசா ஓடி, பூஜ்யத்துக்கு வந்து, அங்கேருந்து மறுபடி ஓடிட்டு இருக்கு. அத்தன தூரம் ஓடின இன்ஜின் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். ஆனா எங்க போவுதுன்னு பாக்கணும்ல. ஒண்ணு வெளிய ஒழுகணும், இல்ல உள்ள எரியணும், ரெண்டும் இல்லன்னா போகக் கூடாத எடத்துக்குப் போகணும். ஆவியாப் பறந்து போக அது என்ன சாமியாரா.

மொதல்ல ஒழுகுதான்னு பாப்போம், வண்டிய நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில ஒரு அட்டையப் போட்டு வைங்க, சொட்டு எங்க விழுதுன்னு தெரியும்னேன். மறுநாள் அந்த அட்டைய சுருட்டி, எக்ஸ்ரே கொண்டு வர மாதிரி பத்திரமாக் கொண்டு வராரு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். நடுவுல பெரிய கற. இவ்வளவு பெரிய கறையான்னு எனக்கே பகீர்னு ஆயிடுச்சு. மோந்து பாத்தா தாளிச்ச வாசன வருது. ஏங்க, இதுமேல உக்காந்து சாப்பிட்டீங்களான்னேன். நெழலா இருந்துச்சுங்கன்னாரு.

சிரிக்காத. நான் அன்னைக்கு சிரிக்காம இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா.

அப்புறம் இன்ஜின நல்லாக் கழுவி, காய வெச்சு, மேல பவுடர் அடிச்சேன். பவுடர் போட்டா எங்க ஈரம் கசியுதோ அங்க கோடு தெரியும். கடையில போயி ஏதாவது ஒரு பவுடர் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, கொழந்தைக்குப் போடற பவுடர்ல நல்ல வாசனையா ஒண்ணு தேடிப் புடிச்சு வாங்கிட்டு வந்தாரு. ஏங்க இந்த ஒசத்திப் பவுடர்னேன். வயசான வண்டி, அதுக்கு ஒத்துக்கணும்லன்னாரு. ரெண்டு நாள் ஓட்டிட்டு வந்து காட்டுங்கன்னு அனுப்பினேன். லோடு எறக்கற எடத்துல எல்லாரும், வண்டிக்குள்ள யாரு கொழந்தைய விட்டுட்டுப் போனதுன்னு தேடினாங்களாம்.

ஆனா கோடு தெரிஞ்சுது. இன்ஜின் மேல் மூடியில, பின்பக்கம், ஆயில் கசியாமப் புடிக்கற கேஸ்கெட் செத்துப் போயிருந்துச்சு. மேல ஒழுகற ஆயில காத்து அடிச்சு கீழெல்லாம் பரப்பிடும். அடியில படுத்துப் பாத்தா எல்லா எடத்துலயும் ஒழுகற மாதிரியே இருக்கும். அத மாத்தினேன். சந்தோஷமாப் போனாரு. அடுத்த வாரம் வந்துட்டாரு. இன்னும் கொறையுதுங்கறாரு.

அதெல்லாம் பொய் இல்லம்மா, அப்ப நெஜமாவே கொறஞ்சுது. ஆயில் அளவு பாக்கற கம்பிய உருவிப் பாத்தேன்ல.

சரி, வெளிய ஒழுகல, அப்ப உள்ள எரியுதான்னு பாக்கணும். எரிஞ்சா பொகை நீலமா வரும். காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்தா ஒரு வியாதி, லோடு இழுக்கும்போது வந்தா வேற வியாதி. நிறுத்தி வெச்சுப் பாத்தா தெரியாது. அதனால அவரு லாரிய ஓட்டறாரு, நான் பின்னாடியே ஸ்கூட்டர்ல போறேன், சைலன்சரையே பாத்துக்கிட்டு. மேட்டுல ஏறும்போது நல்லா மிதிங்கன்னு சொல்லியிருந்தேன். மனுஷன் என்ன பண்றாரு, கண்ணாடியில என்னப் பாக்கறாரு, நான் கொஞ்சம் பின்தங்கினா வண்டிய ஸ்லோ பண்ணிடறாரு. ஏங்க மிதிக்கலன்னா, நீங்க தனியா வந்துட்டிருந்தீங்கன்னாரு. திரும்பி வந்து கண்ணாடியில பாத்தேன், மூஞ்சி கரி. நீலம் ஒரு பொட்டு இல்ல.

ஆயில் ஊத்தற மூடியக் கழட்டி, இன்ஜின் ஓடிட்டிருக்கும்போதே அந்த ஓட்ட மேல கவுத்து வெச்சேன். உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு போயிருந்தா மூடி குதிக்கும், சில வண்டில தூக்கியே வீசிரும். உங்கப்பா ஆபரேஷன் ரூம் வாசல்ல நிக்கற மாதிரி கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. மூடி அசையல. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. அத எறக்கணும்னு எந்த மெக்கானிக்காவது சொன்னா அவங்கள நம்பாத.

இரு, அதுக்குத்தான் வரேன்.

மூணாவது வழிதான் பாக்கி. பிரேக்குக்குக் காத்து புடிச்சு வெக்கற டேங்க் ஒண்ணு இருக்கும் அடியில. நான் கீழ படுத்து அந்த டேங்க்ல காத்தத் தொறந்து விட்டேன், மூஞ்சி முழுக்க ஆயில். அந்தக் காத்த அடிக்கற கம்ப்ரசர் தேஞ்சு போயி, காத்தோட சேத்து ஆயிலையும் தள்ளிட்டு இருந்திருக்கு. கண்டுபுடிச்ச சந்தோஷத்துல கண்ணு தெரியாமக் கைய நீட்டறேன், ஒரு கர்ச்சீப் வெச்சாரு. தோச்சு, நாலா மடிச்ச கர்ச்சீப்பு. நீதான் மடிச்சுக் குடுப்பியா? அவரே மடிப்பாரா. சரி. சும்மாதான் கேட்டேன்.

கம்ப்ரசர சரி பண்ணியாச்சு. அதோட கத முடிஞ்சிருக்கணும். அடுத்த வாரம் அதே நாளு வந்து நிக்கறாரு. கொறையுதுங்கறாரு. கம்பியப் பாத்தா, ஆமா, கொறஞ்சிருக்கு. எனக்கு அவமானமாப் போச்சும்மா. மறுபடி கழுவினேன், மறுபடி பவுடர், மறுபடி ஸ்கூட்டர். ஒண்ணுமில்ல. சாப்பாடு எறங்கல எனக்கு. இவ்வளவு வருஷம் தொழில் பண்ணி ஒரு லாரி என்ன ஏமாத்துதேன்னு.

கடசில ஒரு வேல பண்ணேன். அடியில ஆயில் எறக்கற போல்ட்டு இருக்குல்ல, அந்த போல்ட்டுக்கும் இன்ஜினுக்கும் சேத்து மஞ்ச பெயின்ட்ல ஒரு சின்னக் கோடு போட்டு விட்டேன். போல்ட் தானா லூசாவுதான்னு பாக்கத்தான். வேற எதுவும் நெனச்சுப் போடல. அடுத்த தடவ வந்தப்ப பாக்கறேன், பாதி கோடு இங்க இருக்கு, பாதி கோடு அங்க இருக்கு. போல்ட்டு நல்லா டைட்டா இருக்கு. தானா லூசான போல்ட்டு தானா டைட்டாகாதுல்ல. யாரோ ஸ்பேனர் போட்டுக் கழட்டி, மறுபடி மாட்டியிருக்காங்க.

ஆமா. அவருதான்.

கேட்டேன். ஏங்க, நல்ல ஆயில நீங்களே எறக்கிட்டு, கொறையுதுன்னு வரீங்களே, ஏன் இப்படின்னேன். தரையில கெடந்த நட்டு ஒண்ண செருப்பால உருட்டினாரு. அப்புறம், கம்ப்ரசர் சரியாப் போச்சுங்களேன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. வண்டி நல்லாயிடுச்சுங்கறத இவ்வளவு சோகமா ஒரு மனுஷன் சொல்லி நான் கேட்டதில்ல.

எனக்குக் கோவம் வரணும்ல? வந்திருக்கணும். ஸ்பேனரக் கைல வெச்சுக்கிட்டு லாரிக்குப் பக்கத்துலயே நின்னு சிரிச்சிட்டு இருந்தேன்.

எறக்கின ஆயில் எங்கன்னா, வீட்ல கேன்ல இருக்குன்னாரு. அதேதான், உங்க பின்கட்டுல இருக்கற கேன். கதவுக்கெல்லாம் போட்டியா? நல்லதுதான், கதவுக்குப் போடலாம். தையல் மெஷினுக்குமா? அய்யய்யோ, அது கெட்டி ஆயிலும்மா, அதுல ஊசி நகராது. கொண்டு வா, கழட்டித் தொடச்சுத் தரேன்.

அப்புறம் என்ன, வரணும்னா சும்மா வாங்க, ஆயில வீணாக்காதீங்கன்னு சொன்னேன். அன்னைலேருந்து சும்மாதான் வராரு. ரெண்டு டப்பா சாப்பாடு கட்டிக் குடுன்னு கேட்டாரா உன்கிட்ட? பசி ஜாஸ்தியாயிடுச்சுன்னா சொன்னாரு. ஒண்ணு எனக்குத்தாம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு. உப்பு மட்டும் ஒரு கல்லு கூட இருக்கலாம். மொதல் நாள்லேருந்து சொல்லணும்னு இருந்தேன்.

இன்னைக்கு வண்டிக்கு ஒண்ணும் இல்ல. இன்ஜின எறக்கணும்னு நான் சொல்லவே இல்ல, அவரா விட்ட கத. உன்ன இங்க வர வெக்க வேற வழி தெரியலயாம். சும்மா வான்னு கூப்பிட்டா வந்திருக்க மாட்டாளான்னு கேட்டேன். அது தோணலியேங்கறாரு. அவரு டயர் கடைக்குப் போயிருக்காரு. டயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பயம்.

என்னக்கா சொல்றீங்கன்னா கேக்கற? அந்த அக்கா மட்டும் வேணாம்மா. முறை இடிக்கும்.

ஆமா. அதான் விஷயம். அவரு கேக்கல, நான்தான் கேட்டேன். அவரு கேக்கட்டும்னு இருந்தா ரெண்டு பேருக்கும் பல்லு போயிருக்கும். கேட்டதும் அழுதுட்டாரு. உங்கம்மா போனதுக்கப்புறம் நீதான் எல்லாமாம், நீ சரின்னா சரியாம், உனக்கு மனசு ஒரு ஓரமா சுருங்கினாலும் வேணாமாம். அதுவும் நியாயந்தான். அவரு வேற மாதிரி சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்.

மொறையாப் பாத்தா நான்தான் உங்க வீட்டுக்கு வந்து கேட்டிருக்கணும். எல்லாரும் பொண்ணு கேட்டுப் போவாங்க, நான் அப்பா கேட்டு வரணும். நல்ல சேலையெல்லாம் எடுத்து வெச்சேன். நகத்துல இருக்கற கறுப்பு எத்தன தடவ தேச்சும் போகல, இந்தக் கையோட எப்படிப் போறதுன்னு விட்டுட்டேன்.

இப்பவே சொல்லணும்னு இல்ல. நல்லா யோசி. தண்ணி அந்தப் பானையில இருக்கு, குடி. நான் அதுவரைக்கும் லாரிக்கு அடியில இருக்கேன். வேல ஒண்ணும் இல்ல. எனக்கும் பயமாத்தான் இருக்கு.