நிஜக் கருவியில் காட்டு

எனக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் வராது சார், ஆபீசில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மூக்குக்கு மேல் கோபம் வருவது அண்ணனுக்குத்தான்.

இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. அவர் குழுத் தலைவர், நான் அவருக்குக் கீழே. மருத்துவக் கருவிகளுக்குக் கெர்னல் எழுதுகிறோம். கருவிக்குள் இருக்கும் மற்ற மென்பொருளெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். வீட்டைக் காலி செய்தவன் சாவியைத் தராமல் வைத்துக்கொண்டு மறுபடி நுழைவது மாதிரியான ஓட்டை. அந்த வழியாக யார் வந்தாலும் கருவியை மொத்தமாகப் படுக்கவைத்துவிடலாம். வழக்கப்படி விளக்கம் எழுதி, திருத்தத்தோடு அண்ணனுக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி அனுப்பியபோது, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேசினார்.

"இவன் சின்ன வயசுலேர்ந்தே பூதக்கண்ணாடியோடதான் திரிவான். நிஜக் கருவியில நடந்தா காட்டுடா, அப்புறம் பேசலாம்."

சிரித்தார்கள். எனக்கு வலித்தது, மறைக்கவில்லை.

நிஜக் கருவி அவர் வீட்டிலேயே இருந்தது. நுரையீரல் கெட்டுப்போனதிலிருந்து அண்ணி எங்கள் கெர்னலில் ஓடும் சுவாசக் கருவி ஒன்றை நம்பித்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். அண்ணன், அண்ணியைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு மருந்து வாங்கக் கிளம்பினார். அண்ணி முகமூடிக்குள்ளிருந்தே, சாப்பிட்டாச்சா தம்பி என்று கேட்டார். ஆச்சு அண்ணி என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தேன்.

அந்த ஓட்டை வழியாகக் கருவிக்குள் போனேன். கருவி நின்றது. விழுந்ததும் தானாக எழுந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எழவில்லை. எச்சரிக்கை மணியும் அதே கெர்னலில் ஓடுவதால் அறை அமைதியாக இருந்தது. அண்ணி முகமூடியைப் பிடித்து இழுத்தார். பிறகு கட்டில் கம்பியில் தொங்கிய பையைக் காட்டினார். கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பை அது. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது நானும்தான் கற்றுக்கொண்டேன்.

அண்ணன் இப்போது வந்துவிடுவார் என்று சொன்னேன். அண்ணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி தளர்ந்த பிறகுதான் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

பை எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்து அமுக்கியிருந்தால், அண்ணன் வரும்போது அண்ணி நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் மறுபடி என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

அண்ணி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவரைப் போன்றவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்றுதான் சார் அந்த ஓட்டையை நான் தேடவே ஆரம்பித்தேன்.