இடப்பக்கக் கண்ணாடி

— சரியா ரெண்டேகால். சொன்ன நேரத்துக்கு வந்திட்டியள். ஆனா நரேஷ் எண்டல்லோ எழுதியிருந்தது?

— நரேஷ் என்ரை தம்பி. அவன்ரை பேரிலைதான் எழுதினனான். பொம்பிளைப் பேரைக் கண்டா மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லமாட்டினம். ஹெல்மெட் என்ன நிறம் எண்டுதான் கேப்பினம்.

— அதுவும் சரிதான். நான் சேயோன். வாங்கோ தங்கச்சி, கராஜ் பின்னுக்கு.

— தங்கச்சி வேண்டாம்.

— ஏன்?

— சும்மா. பிறகு கரைச்சல்.

— சரி. இந்தா, இதுதான். உங்களுக்கு முதல் வண்டியோ?

— ஓம். லைசென்ஸ் எடுத்து மூண்டு கிழமை. சட்டப்படி நாப்பத்தெட்டு குதிரைவலுவுக்கு மேலை முதல் ரெண்டு வருசத்துக்கு ஓட ஏலாது.

— இது நாப்பத்தேழு. சும்மா சொல்லேல்லை, பதிவுத்தாளிலை இருக்கு, பாருங்கோ.

— இதோடை ஆறு பாத்திட்டன். ரெண்டு உயரம். ஒண்டு பாரம். மற்றதெல்லாம் பொய்.

— பொய்யெண்டா?

— விழேல்லை எண்டுவினம். குனிஞ்சு பாத்தா கீறல் இருக்கும். இது விழுந்ததோ?

— ஓம். விழுந்தது.

— விளம்பரத்திலை எழுதேல்லை.

— வெக்கம். ஓடேக்கை விழுந்திருந்தா எழுதியிருப்பன். இது சிவப்பு லைற்றிலை, நிண்ட இடத்திலை விழுந்தது. கால் ஊண்டின இடத்திலை பள்ளம். கெபாப் கடைக்கு முன்னாலை. வரிசையிலை நிண்ட ஒருத்தன் சாப்பாட்டைக் கீழை வைச்சிட்டு ஓடிவந்து தூக்கினவன்.

— சிரிச்சவனோ?

— தூக்கேக்கை இல்லை. பிறகு.

— அதாலையோ இடப்பக்கக் கண்ணாடி மட்டும் வட்டமா இருக்கு?

— ஓம். வந்தது சதுரம். பழைய சாமான் கடையிலை வட்டம்தான் கிடைச்சது. வடிவில்லைத்தான். ஆனா பின்னாலை வாறது நல்லாத் தெரியும்.

— இருக்கட்டும். ஏறிப் பாக்கலாமோ?

— ஏறுங்கோ. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு ஸ்டாண்டை எடுங்கோ. கால் நிலத்திலை முட்டுதோ?

— நுனிக்கால் முட்டுது. குதிக்கால் முட்டேல்லை.

— அப்ப வாங்காதேங்கோ.

— என்ன?

— முதல் வண்டிக்குக் குதி முட்டவேணும். இல்லாட்டி என்னை மாதிரித்தான், லைற்றிலை விழுத்துவியள். சீட்டுப் பஞ்சைக் கொஞ்சம் வெட்டினா இறங்கும். வெட்டுவிக்கிறன் எண்டாத்தான் தருவன்.

— இப்பிடிக் கதைச்சா நீங்கள் எப்ப விக்கிறது?

— ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் விக்கவேணும்.

— இண்டைக்குப் புதன். என்ன அவசரம்? என்ஜினிலை ஏதும் பிழையோ?

— ஐயோ, என்ஜினிலை ஒரு பிழையும் இல்லை. பிழை வீட்டிலை.

— ஏன் விக்கிறியள் எண்டு தெரியாமல் நான் வாங்கமாட்டன்.

— ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை வீட்டுக்காரர் வருகினம். ஹாகனிலை இருந்து. மோட்டார் சைக்கிள் ஓடுற பெடியன் எண்டா காவாலி எண்டு நினைப்பினமாம். அவையள் வரேக்கை வாசல்லை இது நிக்கக்கூடாதாம். அம்மா ஒரு கிழமையாச் சோத்தோடை சேத்து இதையும்தான் பரிமாறுறா.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— மூண்டு நாள் கதைக்கேல்லை. பிறகு ஓம் எண்டனான். அம்மா ரெண்டு இடத்திலை துப்பரவு வேலை செய்து என்னைப் படிப்பிச்சவா. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அவவோடை சண்டை பிடிக்க ஏலாது.

— அதுக்குப் பிறகு வாற ஞாயிறுகளுக்கு?

— அதை யோசிக்கேல்லை.

— பொம்பிளையும் வாறாவோ?

— ஓம். படம் தரமாட்டன், நேரை வந்து நானும் பாக்கிறன் எண்டு சொன்னவவாம்.

— பேர் என்ன?

— அம்மா சொன்னவா. மறந்து போச்சு.

— பேரையுமோ!

— கோவத்திலை இருந்தனான். காதிலை ஏறேல்லை. நீங்கள் ஏன் முறைக்கிறியள்?

— அவவுக்கும் சேத்து முறைக்கிறன். மோட்டார் சைக்கிள் பிடிக்குமோ எண்டு அவவிட்டைக் கேட்டியளோ?

— எப்பிடிக் கேக்கிறது? நம்பர் அம்மாட்டை.

— வித்திட்டு என்ன செய்வியள்?

— ஒண்டுமில்லை. வெள்ளிக்கிழமையிலை வேலை முடிய ரூர் ஆத்தங்கரையாலை ஒரு சுத்துச் சுத்தி வருவன். இனி நேரை வீட்டை போவன்.

— சரி. நான் ஒரு பத்து நிமிசம் ஓடிப் பாக்கிறன். அடையாள அட்டையை வைச்சிட்டுப் போறன், பிடியுங்கோ.

— வேண்டாம், வைச்சிருங்கோ. திரும்பி வருவியள்தானே.

— என்னைத் தெரியாதே உங்களுக்கு.

— முட்டாத காலைப் பொய் சொல்லாமல் முட்டேல்லை எண்டனீங்கள். அது காணும்.

...

— பத்து நிமிசம் எண்டு போனனீங்கள். முக்கால் மணித்தியாலம்! நான் றோட்டு முடக்கு மட்டும் ரெண்டு தரம் நடந்து பாத்திட்டன்.

— ஆத்தங்கரை மட்டும் போனனான். நாலு லைற்றிலை நிண்டன். விழேல்லை. வாங்கிறன்.

— சீட்டு?

— சனிக்கிழமை வெட்டுவிக்கிறன். பதியிற கந்தோரிலை வெள்ளிக்கிழமைக்கு நேரம் எடுத்தாச்சு.

— பாக்கிறதுக்கு முதலேயோ?

— இதை நான் முதலே பாத்தனான்.

— விளம்பரத்திலைதானே?

— இல்லை, அதுக்கும் முதல். என்ரை ஃபோனிலை இந்தப் படத்தைப் பாருங்கோ.

— இது நான். போன வருசம் இதிலை சாய்ஞ்சு நிண்டு எடுத்தது. ஆனா மோட்டார் சைக்கிளைக் காணேல்லையே.

— உங்கட அம்மா அதை வெட்டிப்போட்டுத்தான் அனுப்பினவா. தோளுக்குப் பக்கத்திலை பாருங்கோ.

— கண்ணாடி.

— வட்டக் கண்ணாடி. அதை வெட்ட மறந்திட்டா. அதைப் பாத்துத்தான் நான் என்ரை அம்மாட்டை ஓம் எண்டனான். அடுத்த கிழமை பாத்தா, அதே கண்ணாடி விளம்பரத்திலை நிக்குது.

— அப்ப ஹாகனிலை இருந்து வாறது நீங்கள்தானோ...

— ஒப்பந்தத்திலை வாங்கிறவரின்ரை பேரை எழுதுங்கோ. கவிசா.

— கவிசா.

— இந்த முறை காதிலை ஏறினதோ?

— ஏறினது.

— ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் காரிலை வருவினம். நான் இதிலை வருவன். உங்கட வாசல்லை எங்கை நிப்பாட்டட்டும்?