கூரையிலிருந்து திரும்பி வந்த பல்லுக்கு நன்றி

இந்தத் திருவிழா மேடைக்குத் தலைமை தாங்கும் விழாத் தலைவி எஸ்கொலாஸ்டிகா அம்மையார் அவர்களே! எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையைத் தேடிப் போய் உட்காரும் நகரத் தந்தை அவர்களே! வெயில் ஏறுமுன் பூசையை முடித்து எங்களைக் காப்பாற்றிய பங்குத் தந்தை அவர்களே! தணலில் சுழலும் பன்றியை அடுத்த வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! பல் இருக்கும் பெரியோர்களே, பல் போன பெரியோர்களே, பல் முளைக்கக் காத்திருக்கும் செல்வங்களே! ஏரிக்கு அக்கரையிலிருந்து வந்திருக்கும் லிவாய்வாய் பாண்டு வாத்தியக் குழுவின் முதல் எக்காளக்காரி, பெர்பெத்துவா மகராய்க் நான், உங்கள் எல்லோரையும் கும்பிட்டு வணங்குகிறேன்.

பேசத் தெரியாதவள் நான்; ஊதத் தெரிந்தவள். அந்த ஊதும் வாய் இன்று உங்கள் முன் இருக்கிறதே, இது யார் தந்த வாய்? இந்த ஊர் தந்த வாய்! இதோ, இந்த மேல்வரிசை முன்பல்லைப் பாருங்கள். அது யார் தந்த பல்? அதுவும் இந்த ஊர் தந்த பல்! என்ன தாத்தா, தெரியவில்லையா? கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், இன்னும் அகலமாகச் சிரிக்கிறேன்.

சென்ற ஆண்டு இதே நாள், இதே சான் ஹெரோனிமோ ஊர். பாண்டு என்றால் வாசித்துக்கொண்டேதான் ஊருக்குள் நுழைய வேண்டும். வாய் மூடி வந்தால் மரியாதையில்லை. அது நம் பக்கத்துப் பழக்கம். ஆகவே ஓடுகிற ஜீப்னி வண்டியில், இடுப்போடு இடுப்பு இடித்து உட்கார்ந்து, வாயில் பித்தளையை வைத்து முழங்கிக்கொண்டு வந்தோம். பதினோரு ஆண்டுகள் மூன்றாம் வரிசையில் காத்திருந்த பிறகு, முதல் எக்காளமாக அன்றுதான் எனக்கு முதல் நாள். மார்ச் என்னும் அணிவகுப்பு இசையின் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நாலே சுரம். அந்த நேரம் பார்த்து யார் வீட்டுப் பன்றியோ கயிற்றை அறுத்துக்கொண்டு சாலையின் குறுக்கே ஓடியது!

ஓட்டுநர் மிதித்தார் பிரேக்கை. வண்டி நின்றது, வாத்தியங்கள் நிற்கவில்லை! கிளாரினெட் சென்சியோங்கின் முன்பல் மூலை உடைந்தது. ட்ரம்போன் பால்தோவின் கீழ்ப்பல் இரண்டு உள்ளே மடங்கின. டியூபாக்காரருக்குப் பற்கள் அதிர்ந்ததோடு சரி. எனக்கோ? வாய் நிறைய ரத்தம். நாக்கால் தடவினேன். பல் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது.

ஐயோ, அந்தப் பள்ளம்! எக்காளத்தின் ஊதுவாய் உதட்டில் அழுந்தும்போது, உதட்டுக்குப் பின்னால் தாங்குவது அந்தப் பல்தானே? அது போனால் காற்று போகும், காற்று போனால் சுரம் போகும், சுரம் போனால் பெர்பெத்துவா போவாள். ஜீப்னியின் படியில் உட்கார்ந்து அழுதேன். வலிக்காக அழவில்லை.

அப்போது எங்கள் பெரிய மேளக்காரர் மாங் தெலோ வண்டித் தரையில் குனிந்தார். பல்லைக் கண்டெடுத்தார். என்னைத் தான் பெற்ற மகளாக நினைப்பவர். என்ன செய்தார் தெரியுமா? நம் அம்மாக்கள் எல்லோரும் செய்ததைச் செய்தார். "எலியாரே எலியாரே, இதை எடுத்துக்கோ! உன் பல்லு மாதிரி கெட்டியா ஒண்ணு எங்க பொண்ணுக்குக் குடு!" என்று சொல்லி, ரொட்டிக் கடைத் தகரக் கூரை மேல் ஓங்கி வீசிவிட்டார்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இந்தக் கூட்டத்தில் யாருடைய பால்பல் கூரையில் கிடக்கவில்லை, கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! ஒரு கையும் இல்லை.

அந்த ரொட்டிக் கடை மாடியில்தான் பல் மருத்துவர் லியோனிலா அம்மையார் இருக்கிறார். ஜன்னலில் நின்று எங்கள் மார்ச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், அது பாதியில் அறுந்ததும் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடி வந்தார்.

"பல்லு எங்க?"

எல்லோரும் மேலே பார்த்தோம்.

"என்ன மேல பாக்குறீங்க? பல்லு எங்கய்யா?"

"கூரை மேல, டாக்டரம்மா. எலிக்குப் போட்டேன்" என்றார் மாங் தெலோ.

"அட கடவுளே! முப்பது வயசு பொம்பளைக்கு எந்த எலிய்யா பல்லு கொண்டாந்து குடுக்கும்? பால்பல்லுன்னா கீழ இன்னொண்ணு காத்திருக்கும். இதுக்குப் பின்னாடி எதுவுமே இல்லய்யா! ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்ப வச்சாகணும், வெளியில காயக் காய வேர்ல உயிர் போயிரும். ஏறுங்க எவனாச்சும்!"

யார் ஏறுவது? தகரம் கொதிக்கிறது. மாதாகோவில் கடிகாரத்தில் எட்டு நிமிடம் போய்விட்டது. அப்போதுதான் உங்கள் ஹெனாரோ, அதோ தூணுக்குப் பின்னால் ஒளிகிறாரே அவரேதான், பன்றிக் கொழுப்பு பூசிய வழுக்குக் கம்பம் ஏறும் போட்டியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். கம்பத்தின் உச்சியில் பரிசு காத்திருக்க, கூரையின் உச்சிக்கு ஏறினார்!

"கெடச்சிருச்சு டாக்டரம்மா! அழுக்கா இருக்கு, தேச்சுத் தொடச்சிரவா?"

"தொடைக்காதே! வேரைத் தொட்டே, உன் பல்லையும் புடுங்கிருவேன்! வெள்ளைப் பக்கமாப் புடி!"

"கையெல்லாம் பன்னிக் கொழுப்பும்மா, வழுக்குது!"

யாரோ சலவைக் கைக்குட்டையைச் சுருட்டிக் கூரைக்கு எறிந்தார்கள். கீழே பால் கேட்டார் டாக்டரம்மா. ஐஸ் கடைக்காரர் கெட்டிப்பால் டப்பாவோடு வந்தார். "இது சர்க்கரைய்யா! பச்சைப் பால் கொண்டாங்க!" காலையில் கறந்த எருமைப்பாலில் ஒரு குவளை நீட்டினார் ஆலிங் பாசென்சியா. "பாலாடைக்கட்டிக்கு வச்சிருந்தேன். போகட்டும், இன்னைக்குப் பல்லுக்கு!" என்றார். ஹெனாரோ இறங்கி வந்ததும் அந்தக் குவளைக்குள் விழுந்தது என் பல். கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம்.

அதன்பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன்! மரத்துப்போக ஊசி. உப்புநீரில் பல்லை அலசி, இருந்த இடத்திலேயே மெல்ல அழுத்தினார். பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி கட்டினார். ரணஜன்னி வராமலிருக்கத் தடுப்பூசி போடவைத்தார். சென்சியோங் உடைந்த துண்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். நரம்பு தெரியவில்லை என்று பார்த்துவிட்டு, அதையே ஒட்டிவிட்டார் டாக்டரம்மா. பால்தோவின் மடங்கிய பற்களை நிமிர்த்தி நாலு வாரக் கம்பி. டியூபாக்காரருக்கு, "கஞ்சி குடி, வந்து காட்டு, வேற ஒண்ணும் வேண்டாம்." நாலு பேருக்கு நாலு காயம், நாலுக்கும் நாலு வைத்தியம். ஒரே ஆள், ஒரே காலை!

இரண்டு வாரத்தில் என் கம்பி அவிழ்ந்தது. அதற்குள் வேரின் உள்ளே சுத்தம் செய்து மருந்தால் அடைத்துவிட்டார். "டாக்டரம்மா, இனி ஊதலாமா?" என்றேன்.

"மூணு மாசம் பித்தளை வாய்ல படக்கூடாது. அப்புறம் வீட்டுக்குள்ள, மெதுவா. முழு மூச்சு ஒரு வருசம் கழிச்சு. பல்லு நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், பெர்பெத்துவா. காத்திருந்து பாக்கலாம்."

காத்திருந்தேன். எங்கள் பாண்டு முதல் எக்காளத்தின் நாற்காலியை வேறு யாருக்கும் தரவில்லை. ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் வெறுமையாகவே வைத்தார்கள். இதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? எந்தச் சொல்லால் சொல்வேன்?

இன்னொருவரும் அந்த ஓராண்டு வாசிக்கவில்லை. "அவ ஊதுற வரைக்கும் நான் அடிக்க மாட்டேன்" என்று மேளக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார் மாங் தெலோ. இதோ மேடைக்குக் கீழே, தொப்பியை முகத்துக்கு இறக்கி உட்கார்ந்திருக்கிறார். மாங் தெலோ! எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் என் பல்லை எறியவில்லை, எனக்கு நல்ல பல் வேண்டும் என்று வேண்டிக்கொண்டீர்கள். வேண்டியது கிடைத்துவிட்டது. எலி கொண்டுவரவில்லை, டாக்டரம்மா கொண்டுவந்தார்!

தாய்மார்களே, எங்களிடமிருந்து இதை மட்டும் எடுத்துப் போங்கள். பால்பல் விழுந்தால் கூரைக்கு எறியுங்கள், எலியாரைக் கூப்பிடுங்கள்; அதைத் திரும்ப வைக்கக் கூடாது. முளைத்து நிலைத்த பல் அடிபட்டு விழுந்தால் எறியாதீர்கள்! வெள்ளைப் பக்கம் பிடியுங்கள், தேய்க்காதீர்கள், பச்சைப் பாலில் போடுங்கள், பல் மருத்துவரிடம் ஓடுங்கள்! ஓடிய நிமிடங்கள்தான் என் பல்லைக் காப்பாற்றின. எங்கள் பாண்டும் பாடம் படித்தது: ஜீப்னியை நிறுத்தி, இறங்கி, நின்ற பிறகுதான் இனி வாசிப்பு. மரியாதை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

ஹெனாரோவுக்கு நன்றி. எருமைக்கும் ஆலிங் பாசென்சியாவுக்கும் நன்றி. கைக்குட்டை எறிந்த முகம் தெரியாத அன்பருக்கு நன்றி. தப்பி ஓடிய பன்றிக்கு... இல்லை, அதற்குக் கிடையாது!

டாக்டரம்மா, அன்று கூலி எவ்வளவு என்று நாங்கள் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "அந்த மார்ச் பாதியில நின்னுபோச்சு. மீதியைக் கேக்கணும், அவ்வளவுதான்." ஓராண்டாகிறது. நேற்று என் பல்லைத் தட்டிப் பார்த்து, "ம்" என்றீர்கள். அந்த ஒற்றை "ம்" போதும் எனக்கு. எக்காளம் கையில் இருக்கிறது. பல் நிற்குமா, நிற்காதா, எனக்கும் தெரியாது. நிற்கும் என்று நினைத்துத்தான் மேடை ஏறினேன்.

கேட்டுக்கொண்டிருந்த அத்தனை நல்ல உள்ளங்களுக்கும் நன்றி, வணக்கம். மாங் தெலோ, மேலே வாங்க. தொப்பியைக் கழட்டுங்க. உச்சத்துக்கு நாலு சுரம் இருந்துச்சு, அங்கேயிருந்துதான் தொடங்கணும். குச்சியை எடுங்க, அடிங்க!