துருசு டிரம்

போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்பில், ஏலத்தோட்ட வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க ஓடையில மீன் பிடிக்கத் தூண்டிலே வேணாம் மதினி,” என்றாள் இளையவள்.

“அதெப்படி?”

“ஏலச்செடி அழுகலுக்குத் துருசு மருந்து அடிச்சிட்டு டிரம்ம ஓடையில கழுவுவோம்ல, செத்த நேரத்துல மீனெல்லாம் தானா மேல வந்து வாயப் பொளக்குது.”

“அதத் திங்கிறீகளா?”

“ச்சீ, துருசுங்கிறது செம்பு வெசம்ல. எவ திம்பா?”

மூத்தவள், இளையவளின் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கித் திறந்தாள்.

“இது எங்க பிடிச்ச தண்ணி?”

“அந்த ஓடைதான். ஆனா டிரம் கழுவுற எடத்துக்கு மேல போயில்ல பிடிக்கிறோம்.”

“அதுக்கும் மேல என்ன இருக்கு?”

“வேற எஸ்டேட்டு. அவுகளும் ஏலந்தான்.”

மூத்தவள் குடிக்காமலே பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.